பன்னிரண்டாவது படிவம்

"நான் குணமாயிட்டேனாம்," என்றாள் கிளெண்டா, அக்கா பெரிலுக்குத் தேநீர் ஊற்றியபடி. "மனநல மையத்துலேர்ந்து கடுதாசி. இனிமே வர வேண்டாமாம்."

"நேத்துகூடப் படுக்கையை விட்டு எழுந்திரிக்கலையேடி நீ."

"வாராவாரம் படிவம் தருவாங்க. அந்த வாரம் எத்தனை நாள் மனசு செத்துக் கிடந்துச்சுன்னு எண் போடணும். பன்னிரண்டு வாரம் போனேன், ஒண்ணும் குறையல."

"அப்படியே போட வேண்டியதுதானே?"

"மொதல்ல அப்படித்தான் போட்டேன். அதைப் பார்த்ததும் அங்க என்னைப் பார்க்கிற இமோஜென் டாக்டர் முகம் வாடிப்போச்சு. பாவமா இருந்துச்சு. அப்புறம் கொஞ்சங்கொஞ்சமா குறைச்சுப் போட்டேன்."

"அடிப் பைத்தியக்காரி. போன் பண்ணி உண்மையைச் சொல்லு."

"பண்ணேன். 'எப்படி இருக்கீங்க'ன்னு கேட்டாங்க."

"நீ?"

"'நல்லா இருக்கேன், ரொம்ப நன்றி'ன்னு சொல்லி போனை வச்சுட்டேன்."

பெரில் சிரிக்கவில்லை. கிளெண்டா பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.