அண்டாவுக்குள் அண்டா

செஞ்சிக் கோட்டையை எத்தனையோ ராஜாக்கள் காலி செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தராவது அட்டைப்பெட்டிக்கு நம்பர் போட்டிருப்பாரா? பூங்குழலி போட்டாள். மளிகைக் கடையில் கெஞ்சி வாங்கிய முப்பத்திரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் நம்பர், எந்த நம்பரில் என்ன இருக்கிறது என்று எழுத ஒரு நோட்டு. டென்ஷன் இல்லாமல் வீடு மாறுவது எப்படி என்று ஒரு பெண் பேசிய வீடியோவைப் பதினோரு முறை பார்த்திருந்தாள். ஒரு வருஷமாகப் பயன்படாத எதையும் புது வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று அந்தப் பெண் சொன்னபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன் தாண்டவராயன் சத்தமில்லாமல் எழுந்து வெளியே போய்விட்டான்.

இருபத்திரண்டு வருஷம், ஐந்து வாடகை வீடு. இப்போதுதான் திருவண்ணாமலை ரோட்டில் சொந்தமாக ஒரு வீடு. வெளிப்பூச்சு பாக்கி, வாசலில் மணல் குவியல் அப்படியே கிடக்கிறது, இருந்தாலும் சொந்த வீடு. ஆனி கடைசி வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலிலிருந்து பத்தேகாலுக்குள் பால் காய்ச்சியாக வேண்டும். விட்டால் ஆடி பிறந்துவிடும், ஆடியில் எவன் பால் காய்ச்சுவான்? பழைய வீட்டுக்காரரோ அடுத்த குடித்தனத்திடம் ஞாயிற்றுக்கிழமையே வரச் சொல்லிவிட்டார்.

பரணைத்தான் முதலில் இறக்க வேண்டும் என்று வீடியோவில் தெளிவாகச் சொல்லியிருந்தாள் அந்தப் பெண். தாண்டவராயனுக்கு அன்றைக்குப் பார்த்து இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுநாளும் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் எண்பது பேருக்கு நடுவில் புகுந்து டிக்கெட் கொடுக்கும் கண்டக்டருக்கு, வீட்டில் ஏணியைப் பார்த்தால் மட்டும் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கடைசியில் புதன்கிழமை காலையில், இன்னும் இரண்டே நாள் இருக்கும்போது, முனகிக்கொண்டே ஏறினான்.

பெரிய பித்தளை அண்டா கீழே வந்தது. பூங்குழலி அதன் மேல் கட்டியிருந்த பழைய புடவையை அவிழ்த்து உள்ளே பார்த்தாள். உள்ளே இன்னொரு அண்டா, கச்சிதமாக இறங்கி உட்கார்ந்திருந்தது. தனக்கு ஒரே ஒரு அண்டாதான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கவிழ்த்துப் போட்டு நாலு தட்டு தட்டியதும் அது உருண்டு வெளியே வந்தது. விளிம்புக்குக் கீழே புள்ளிப் புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது: தொண்டூர் பவுனம்மாள் மகள் மீனம்பாளுக்கு, 1996.

பூங்குழலி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மீனம்பாள் எதிர் வீட்டுக்காரி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பூங்குழலியின் மகள் பாரதிக்கு மஞ்சள் நீராட்டு நடந்தபோது சாம்பார் வைக்க இந்த அண்டாவை இரவல் கொடுத்தவள். அம்மா வீட்டுச் சீர், பத்திரம் என்று சொல்லித்தான் கொடுத்தாள். விசேஷம் முடிந்து பத்து நாள் கழித்து வந்து கேட்டாள். அன்னைக்கே கொடுத்தாச்சே என்று பூங்குழலி சொன்னாள். நிஜமாகவே கொடுத்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள். ஒரு சொல் இரண்டாகி, இரண்டு இருபதாகி, தெருவே கூடிவிட்டது. அந்த ஆத்திரத்தில் மாரியம்மன் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்தாள் பூங்குழலி. மீனம்பாளின் அண்டா தன் வீட்டில் இருந்தால், தனக்குச் சொந்த வீடு என்று ஒன்று அமைந்தாலும் அதில் கால் வைக்கும் கொடுப்பினை இல்லாமல் போகட்டும் என்று சத்தியம் செய்தாள். வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். இவள் வாய் இவளை வாசற்படியோடு நிறுத்திவிட்டது.

அன்றோடு பேச்சு நின்றது. நேர்ப்பேச்சுதான் நின்றதே தவிர சாடைப் பேச்சு நிற்கவில்லை. மீனம்பாள் தன் வாசலில் கட்டியிருக்கும் வெள்ளாட்டிடம் பேசுவாள். ஊரான் பாத்திரத்தை விழுங்கி ஏப்பம் விடறவங்க நல்லா இருக்காங்க, நீ தழை தின்னுட்டு எப்படி இளைச்சுப் போயிட்ட பாரு என்பாள். ஆடு தலையாட்டும். பூங்குழலி பதிலுக்குத் தண்ணீர்க் குழாயைத் திட்டுவாள். ஒன்பது வருஷம் இப்படியே ஓடியது.

தாண்டவராயன் அண்டாவைச் சுற்றிச் சுற்றி வந்தான். பரணில் ஏற்றும்போதே கனமாக இருக்கிறதென்று தான் சொன்னதையும், தன் பேச்சை யார் கேட்டார்கள் என்பதையும் சொல்லிக் காட்டினான். பிறகு, மாரியாத்தாளே மறந்திருப்பாள், மறக்காவிட்டால் பேங்கில் லோன் சாங்ஷன் ஆகியிருக்குமா என்று கேட்டான். வாயில் அடித்துக்கொள்ளச் சொன்னாள் பூங்குழலி. எதிர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்றான். அதற்கு அவள் சம்மதிக்கவில்லை. ஒன்பது வருஷமாக மீனம்பாளைப் பொய்க்காரி என்று சொன்ன வாயால் நான்தான் பொய்க்காரி என்று சொல்வதா? அந்த ஆடு கூடச் சிரிக்கும்.

வியாழக்கிழமை டியூட்டிக்குப் போகும்போது அண்டாவைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனான். அவலூர்பேட்டையில் பழைய பித்தளை எடுக்கும் பாத்திரக் கடையில் போட்டுவிடுவதாக ஏற்பாடு. சாயங்காலம் அதே சாக்கோடு திரும்பி வந்தான்.

"கடைக்காரன் பேரப் படிச்சான். இது எங்க நைனா கையால வெட்டுன எழுத்து, மீனம்பா அக்கா நல்லா இருக்குதான்னு கேட்டான். நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டுத் தூக்கினு வந்துட்டேன்."

பூங்குழலி சாக்கை வாங்கி மூலையில் வைத்தாள். ஆத்தா மறக்கவில்லை, பரணில் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுச் சரியான நேரத்துக்குக் காத்திருந்திருக்கிறாள் என்றே அவளுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் சாமான் ஏற்றும் குட்டியானை வண்டி வந்து வாசலில் நின்றது. நம்பர் பிசகாமல் பெட்டிகள் ஏறின. கடைசியில் ஏற்றினால் முதலில் இறக்கலாம் என்று ஒன்றாம் நம்பர் பெட்டியைக் கடைசியாக ஏற்றினாள். அடுப்பு, பால் பாத்திரம், தீப்பெட்டி, சர்க்கரை எல்லாம் அதில்தான். எதிர் வாசலில் மீனம்பாள் முறத்தில் உளுந்தைப் போட்டுக்கொண்டு, வண்டியில் ஏறும் ஒவ்வொரு சாமானையும் பார்த்துக்கொண்டிருந்தாள். போறவங்க போவட்டும், எல்லாத்தையும் மறக்காம எடுத்துனு போறாங்களான்னு பார்த்துக்கோ என்று ஆட்டிடம் சொன்னாள். எல்லாம் ஏறிவிட்டது. போர்வை சுற்றிய ஒரு உருப்படி மட்டும் நம்பர் இல்லாமல் படியில் இருந்தது. ஏற்றிவிடவா என்று தாண்டவராயன் கண்ணாலேயே கேட்டான்.

பூங்குழலி போர்வையை உருவினாள். அண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். பத்தடி தூரம்தான். மீனம்பாளின் முறத்துக்குப் பக்கத்தில் அதை இறக்கி வைத்தாள்.

"அக்கா, இது என் வூட்லதான் இருந்துச்சு. என் அண்டாக்குள்ளயே இருந்துச்சு, எனக்குத் தெரியல. சத்தியமா தெரியலன்னு சொல்லலாம்னா, என் சத்தியத்த இனி யார் நம்புவாங்க. உன்னப் பொய்க்காரின்னு சொன்னேன். நான்தான் பொய்க்காரி."

மீனம்பாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. விளிம்பில் அம்மா பேர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு அண்டாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒன்பது வருஷமாகச் சேர்த்து வைத்த வசவெல்லாம் மொத்தமாக வந்து விழும் என்று எதிர்பார்த்து நின்ற பூங்குழலிக்கு, அது வராமல் போனதுதான் தாங்க முடியவில்லை. ஆடு அவளையே பார்த்தது. அவள் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

புது வீட்டில் பாரதி நம்பர் பார்த்துச் சொல்ல, ஒன்பது மணிக்கெல்லாம் பெட்டிகள் அந்தந்த அறைக்குப் போய்விட்டன. அடுப்பைப் பற்ற வைக்க வேண்டியதுதான் பாக்கி. வீடியோக்காரி பார்த்திருந்தால் கை தட்டியிருப்பாள். ஆனால் வீட்டுக்காரி வாசலில் மணல் குவியல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தாண்டவராயன் உள்ளேயிருந்து வந்து கெஞ்சினான். அண்டாவைத்தான் கொடுத்துவிட்டோமே, இனி என்ன என்றான்.

"இந்த வூட்டுக்குக் கடக்கால் போட்டப்போ அண்டா எங்கிட்டதான இருந்துச்சு. எனக்கு ஒண்ணு ஆனா போவட்டும். பாரதிக்கு எதுனா ஆச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

இருபத்திரண்டு வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய வீடு ஆறடி தூரத்தில் இருந்தது. ஒன்பதரை ஆனது. ஒன்பதே முக்கால் ஆனது. பத்து மணிக்குத் தாண்டவராயன் வாட்சைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பத்தரைக்கு ராகுகாலம்.

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. உள்ளே முக்கால் இடத்தை அண்டா அடைத்துக்கொண்டிருக்க, மிச்சம் இருந்த இடத்தில் மீனம்பாள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். இறங்கியவள் இவள் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்டோக்காரனிடம்தான் பேசினாள். ஒன்பது வருஷம் கழித்துப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிறவள், ஒரு பிடி அரிசி போட்டுக் கொடுக்கக் கூடாதா, வெறும் பாத்திரத்தை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா என்று அவனைக் கேட்டாள். ஆட்டோக்காரன் தனக்கு எதுவும் தெரியாது என்றான். அண்டாவில் அரிசியும் பருப்பும் ஒரு கல்லுப்புப் பாக்கெட்டும் மஞ்சள் கொத்தும் இருந்தன. அதைத் தாண்டவராயன் தலையில் ஏற்றி உள்ளே அனுப்பிவிட்டு, பூங்குழலியின் முன்னால் வந்து நின்றாள்.

"ஏண்டி குழலி, நேரம் போவுது, இன்னாத்துக்கு மண்ணுல நிக்கற?"

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகத் தன் பேர் அந்த வாயில் வந்ததைக் கேட்டதும் பூங்குழலி அவளை நிமிர்ந்து பார்த்தாள். சத்தியம் என்று மட்டும் முணுமுணுத்தாள்.

"எங்கிட்ட பண்ண சத்தியம்தான? நான் வுட்டுட்டேன். ஆத்தா வந்து கேட்டா எங்கிட்ட அனுப்பு, நான் பேசிக்கறேன். நீயும் தெருவ வுட்டுப் போயிட்ட, இனி அந்த ஆட்டுக்கிட்ட நான் இன்னாத்தப் பேசறது? வா உள்ள. வலது கால் எடுத்து வை."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பத்து மணி எட்டு நிமிஷத்துக்கு அடுப்பு எரிந்தது. பாலைப் பார்த்துக்கொண்டு இருவரும் நின்றார்கள். அடுப்பங்கரை மூலையில் அண்டா உட்கார்ந்திருந்தது.

"அக்கா, அண்டா?"

"உனக்குத் தூக்கிக் குடுத்துட்டேன்னு நெனச்சுக்காத. எங்கம்மா பேரு இருக்குது அதுல. இரவல்தான்."

"எப்ப திருப்பித் தரணும்?"

மீனம்பாள் புது வீட்டுச் சுவரை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"நீ அடுத்த வாட்டி வூடு மாத்தறப்போ."

பூங்குழலி வாய்விட்டு அழுதாள். பாலை இறக்கத் தாண்டவராயன்தான் ஓடி வர வேண்டியிருந்தது.