பௌர்ணமி வற்றம்

அங்காளம்மாளின் மார்புக் கட்டியைக் கோட்டை வைத்தியன் அளந்த மூன்றாம் நாள் காலையில், அடுப்பில் வைத்த கஞ்சி கொதிப்பதற்கு முன்பே, முத்தம்மாள் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கையில் ஒரு கொத்து முருங்கைக்கீரை. முத்தம்மாள் அங்காளம்மாளின் புருஷன் துளசிங்கத்துக்கு அக்காள், அவளுக்கு நாத்தனார். அங்காளம்மாள் வாக்கப்பட்டுப் பசியாவரத்துக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் ஒரு கறிவேப்பிலை ஈர்க்குகூட இந்த வாசலுக்குக் கொண்டுவந்து அறியாதவள், இன்று கீரையோடு வந்திருக்கிறாள். அங்காளம்மாள் கீரையைப் பார்த்தாள். நாத்தனார் கீரை கொடுக்கும் அளவுக்கா நம் நிலைமை கெட்டுவிட்டது என்று நினைத்தபடியே கஞ்சியைக் கிண்டினாள்.

முத்தம்மாள் முதலில் காற்றைப் பற்றிப் பேசினாள். பிறகு முகத்துவாரத்தில் மணல் ஏறுவதைப் பற்றி. யார் வீட்டு ஆடு யார் வீட்டு வலையைத் தின்றது என்பதுவரை பேசி முடித்த பிறகுதான் வந்த காரியத்துக்கு வந்தாள்.

"ஒடம்பு தெளியற வரைக்கும் நீ படுத்துக்க. நடுக்கையில நான் நின்னுக்கறேன். நமக்குள்ள இன்னா கீது."

நடுக்கை என்றால் லேசுப்பட்ட இடமல்ல. பசியாவரத்துப் பெண்கள் எட்டுப் பேர் ஏரியில் தோளுக்குத் தோள் வரிசை கட்டி இறங்குவார்கள். கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடியே நகர்ந்து, சேற்றுக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவி, அகப்பட்ட இறாலைக் கழுத்தில் தொங்கும் பனையோலைப் பறிக்குள் போடுவார்கள். வரிசையின் நடுவில் நிற்பவள் ஓடைப் பள்ளத்தின் மேல் நிற்பாள். பெரிய இறால் எல்லாம் பள்ளத்தில்தான் ஒதுங்கும். ஓரத்தில் நிற்பவர்களுக்குப் பொடிசும் நண்டின் கடியும்தான் மிச்சம். அங்காளம்மாளுக்கு அந்த இடம் மாமியாரிடமிருந்து வந்தது. சொந்த மகளான தனக்கு வராமல் மருமகளுக்குப் போனதை முத்தம்மாள் பதினெட்டு வருஷமாக மறக்கவில்லை. வரிசைக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஏரித்தண்ணீர் ஒரேயடியாக வடியும் வற்றத்தில் வரிசை இறங்கும்போது எவள் இல்லையோ, அவள் இடம் அடுத்தவளுக்கு. காய்ச்சல், கல்யாணம், பிள்ளைப்பேறு எதற்கும் விலக்கில்லை. அங்காளம்மாளே சின்ன மகளைப் பெற்ற ஒன்பதாம் நாள் இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கியவள்.

"நான் செத்தா எடுத்துக்க, அண்ணி," என்றாள். "இப்ப உசிரோட கீறேன். கீரைய வெச்சுட்டுப் போ, கடைஞ்சு துன்னுக்கறேன்."

அந்தக் கட்டி எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது. பறியின் விளிம்பு நாள் முழுக்க இடது மார்பில் உரசிக்கொண்டே இருக்கும். அதனால் வரிசையில் இருக்கும் எட்டுப் பேருக்கும் அந்த இடத்தில் தோல் தடித்துக் காய்த்துப் போயிருக்கும். பறிக்காய்ப்பு என்பார்கள். அது இல்லாதவள் வேலைக்காரியே இல்லை என்று ஒரு பெருமைகூட உண்டு. காய்ப்புக்கு அடியில் ஏதோ உருளுவதுபோல் பட்டபோது அதுவும் காய்ப்புதான், உள்ளே இறங்கியிருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் நம்பினாள். விளக்கெண்ணெய் தடவினாள். பறியை வலது பக்கமாகத் தள்ளிப் போட்டுப் பார்த்தாள். அப்படியே இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஒருநாள் கரையேறி உட்கார்ந்திருந்தபோது, வரிசையில் தன் பக்கத்தில் நிற்கும் எல்லம்மாவின் கையை இழுத்து அதன்மேல் வைத்தாள். சேற்றுக்குள் தொட்ட மாத்திரத்தில் வெள்ளை இறாலா, கறுப்பு இறாலா, வெறும் கிளிஞ்சலா என்று சொல்லும் விரல்கள் அவை. எல்லம்மா அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள். பிறகு தன்னுடைய காய்ப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "இது காய்ப்பு இல்லடி," என்றாள். 

ஏரிக்கு அக்கரையில், பழவேற்காட்டில் இருக்கும் ஒல்லாந்தர் கோட்டைச் சமையல்கட்டுக்கு இறால் கொண்டுபோய்ப் போடுகிறவள் அங்காளம்மாள். அங்கே சமையல் செய்யும் தேவதாசுக்கு ஒல்லாந்தர் பேச்சு தெரியும். அவன்தான் கெஞ்சிக் கூத்தாடிக் கோட்டை வைத்தியனிடம் அவளைக் கூட்டிப்போனான். சிவந்த மூக்கும் சுருட்டு நாற்றமுமாக இருந்த வைத்தியன் நெடுநேரம் அழுத்திப் பார்த்தான். அக்குளுக்குள் விரலை விட்டுத் தேடினான். சேற்றில் தான் தேடுவதைப் போலவே இவனும் கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு தேடுகிறான் என்று கவனித்தபோது, அவளுக்கு அவன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. பிறகு இரண்டு கால் உள்ள ஒரு பித்தளைக் கருவியை விரித்துக் கட்டியின் அகலத்தை அளந்து புத்தகத்தில் குறித்துக்கொண்டான். தேவதாஸ் சொன்னது இதுதான்: இருபத்தொரு நாள் கழித்து மறுபடி அளப்பான். அதே அளவு இருந்தால் கெட்ட கட்டி இல்லை, விட்டுவிடலாம். வளர்ந்திருந்தால் அறுத்து எடுக்க வேண்டும். அறுத்தாலும் பிழைப்பது கடவுள் கையில். அதுவரை தண்ணீரில் இறங்கக் கூடாது, கையைத் தூக்கக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும்.

படுத்தே இரு என்று சொல்ல வைத்தியனுக்கு என்ன? அமாவாசைக்கு ஆறு நாள்தான் இருந்தது.

அந்த ஆறு நாளும் ஊரே வந்து எட்டிப் பார்த்தது. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? ஏரிக்கரையம்மன் கோபம் என்றாள் ஒருத்தி. கோட்டைக்காரன் வீட்டு வாசல்படி மிதித்த தோஷம் என்றாள் இன்னொருத்தி. கட்டி வந்த பிறகுதானே கோட்டை வைத்தியனிடம் போனேன் என்று கேட்டதும் அவள் நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். காட்டூரிலிருந்து வந்த துளசிங்கத்தின் சித்தப்பா மட்டும் பாயில் உட்கார்ந்து, சாகிற நாள் தெரிந்தால் வாழ்கிற நாள் நரகம், எதற்கம்மா இந்த அளவெடுப்பெல்லாம், விட்டுத் தொலை என்று அன்பாகத்தான் சொன்னார்.

"தெரியாத நாளும் நரகமாத்தான் கீது மாமா," என்றாள் அங்காளம்மாள். "அதுக்குத் தெரிஞ்ச நரகமே தேவல."

பயமில்லாமல் இல்லை. பயம் இருந்தது, நிறையவே இருந்தது. கை தானாக அங்கே போகும். விடியலில் தொட்டால் புளியங்கொட்டை அளவுக்கு இருப்பது, உச்சி வெயிலில் தொட்டால் புன்னைக்காய் அளவுக்குத் தெரியும். விளக்கு வைக்கும்போது பழையபடி சுருங்கியிருக்கும். ஏரிச்சேற்றில் ஒரு விரல் நீள வித்தியாசத்தைத் தப்பாமல் சொல்லும் கைக்குத் தன் உடம்பில் இருப்பது வளர்கிறதா இல்லையா என்று சொல்லத் தெரியவில்லை. அது அவளை எல்லாவற்றையும்விட அதிகமாகக் கோபப்படுத்தியது. கடைசியில் ஒரு நாளைக்கு ஒரே தரம்தான் தொடுவது என்று தனக்குத்தானே ஆணையிட்டாள். மற்ற நேரம் கை அங்கே போனால் அந்தக் கையாலேயே அம்மியைப் பிடித்து அரைத்தாள். அந்த மாதம் அவள் வீட்டில் துவையலுக்குப் பஞ்சமே இல்லை.

அமாவாசை வற்றத்தன்று பறியை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கரைக்கு நடந்தாள். துளசிங்கம் பின்னாலேயே வந்து, வைத்தியன் சொன்னதைச் சொன்னான், அம்மனைச் சொன்னான், கடைசியில் அழுதான். அவள் நிற்கவில்லை. கரையில் ஏழு பேரும் ஏற்கெனவே வரிசைக்கு நின்றிருந்தார்கள். முத்தம்மாள் நடுவில் நின்றிருந்தாள். அங்காளம்மாள் போய் அவள் முன்னால் நின்றாள். முத்தம்மாள் பார்த்தாள். பறியின் விளிம்பில் அங்காளம்மாள் பழந்துணியைச் சுற்றித் தைத்து, இடது மார்பில் படாதபடி ஒரு மூங்கில் சிம்பை முட்டுக் கொடுத்திருந்ததைப் பார்த்தாள். பிறகு ஓரத்துக்கு நகர்ந்தாள். "திமிரு புடிச்சவ," என்று மட்டும் சொன்னாள்.

தண்ணீர் சில்லென்று கழுத்துவரை ஏறியதும் அங்காளம்மாளுக்கு அழுகை வந்தது. முகமெல்லாம் ஏரித்தண்ணீர்தான், யாருக்குத் தெரியப்போகிறது என்று அழுதுகொண்டே துழாவினாள். அன்று அவள் பறிதான் முதலில் நிறைந்தது. அதற்குப் பிறகு தினமும் இறங்கினாள். இடது கையைத் தூக்காமல் வலது கையாலேயே துழாவப் பழகிக்கொண்டாள். பாதி வேலை வைத்தியனுக்கு, பாதி வேலை எனக்கு என்று எல்லம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். வீட்டில் துளசிங்கம்தான் நாளுக்கு நாள் மெலிந்தான். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவன், அம்மனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். அவள் அவன் தலையைப் பார்த்தாள். முன்னால் பாதி வழுக்கை.

"யோவ், இத்தக் குடுத்து என் உசிர வாங்கலாம்னு கீறியா? அம்மன் இன்னா ஏமாந்தவளா?"

அவன் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு, பதினான்கு நாளாக அவளைத் தொடாமல் இருந்தவன், எச்சில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். எனக்குப் பயமா கீது என்றான். எனக்கும்தான் என்றாள் அவள். முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னதும் சோறு கொஞ்சம் இறங்கியது.

பதினாறாம் நாள்தான் இடி விழுந்தது. எல்லம்மா சும்மா விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்தவள், உன் இருபத்தொண்ணாம் நாள் பௌர்ணமியாச்சே என்றாள். இவ்வளவு நாள் அமாவாசையையே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இது தோன்றவே இல்லை. வைத்தியன் மத்தியானத் தூக்கம் முடிந்து சாயங்காலம்தான் ஊர் சனங்களைப் பார்ப்பான். பௌர்ணமி வற்றமும் அதே சாயங்காலம்தான். படகு பிடித்துப் பழவேற்காட்டுக்கு ஓடி, தேவதாசிடம் வேறு நாள் கேட்டுப் பார்த்தாள். முடியாது, மறுநாள் விடிந்ததும் வைத்தியன் நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறுகிறான், திரும்ப எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது என்று அவன் கையை விரித்தான்.

திரும்பும் வழியெல்லாம் அவள் யோசித்தாள். வற்றத்தில் இறங்கினால் இடம் மிஞ்சும்; கட்டி என்ன என்று தெரியாமலே போகும். கோட்டைக்குப் போனால் தெரிந்துவிடும். பதினெட்டு வருஷ இடம் போய்விடும். கட்டி நல்லதாக இருந்துவிட்டால் ஓரத்தில் நின்று நண்டுக் கடி வாங்கிக்கொண்டு காலம் தள்ள வேண்டும். கெட்டதாக இருந்துவிட்டால் இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எப்படிக் கூட்டினாலும் இடித்தது. பௌர்ணமிக்கு முதல்நாள், கரையேறியதும் ஏழு பேரையும் நிறுத்தினாள்.

"நாளைக்கு நான் கோட்டைக்குப் போறேன். சட்டம் சட்டந்தான், யாரையும் கெஞ்சல. நடுக்கைய எடுத்துக்கறவ எடுத்துக்கங்க. ஆனா வந்து சண்ட போட்டு வாங்குவேன், இப்பவே சொல்லிட்டேன்."

 முத்தம்மாள் பறியிலிருந்த இறாலை ஒவ்வொன்றாகத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

மறுநாள் துளசிங்கம் படகில் கொண்டுவந்து இறக்கினான். கோட்டை வாசலில் அவனை நிறுத்திவிட்டு அவளை மட்டும் உள்ளே விட்டார்கள். வைத்தியன் அறையில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. அவன் கேட்டதைத் தேவதாஸ் திருப்பிச் சொன்னான்: இருபத்தொரு நாளும் படுத்திருந்தாயா? சொல்லிவிட்டு அவனே குரலைத் தாழ்த்தி, படுத்திருந்தேன்னு சொல்லிடு அங்காளம்மா, இல்லாங்காட்டி தொடவே மாட்டான் என்றான்.

"ஏரில இருந்தேன்னு சொல்லு," என்றாள் அவள். "அமாவாசைலேர்ந்து தெனமும். பொய் சொல்லி அளந்தா அளவும் பொய்யாத்தான் வரும்."

தேவதாஸ் அப்படியே சொன்னான். வைத்தியனின் முகம் மூக்கைவிடச் சிவந்தது. ஏதோ கத்தினான். கத்தி முடியும்வரை அவள் அசையாமல் நின்றாள். பிறகு தானே மாராப்பை எடுத்துவிட்டு, அவன் காட்டிய முக்காலியில் உட்காராமல், ஜன்னலுக்குப் பக்கத்தில் வெளிச்சத்தில் போய் நின்று இடது கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டாள். வைத்தியன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். பிறகு புத்தகத்தைத் திறந்து பழைய குறிப்பைத் தேடினான். பெட்டிக்குள் கைவிட்டுப் பித்தளைக் கருவியை எடுத்தான்.

அவள் அதைப் பார்க்க விரும்பவில்லை. ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தாள். வற்றத்தில் தண்ணீர் முழுதாக இறங்கியிருந்தது. இந்த வருஷத்தில் இப்படி ஒரு வற்றத்தை அவள் பார்த்ததில்லை. ஓடைப் பள்ளத்தின் விளிம்பு கறுப்பாகத் தெரிந்தது. பள்ளத்தில் கை வைத்தால் போதும், பறி நிறையும். அங்கே ஒரு தலையும் தெரியவில்லை. கொக்குகள்தான் இறங்கி மேய்ந்துகொண்டிருந்தன. வேறு பக்கம் போய்விட்டார்களோ என்று கண்ணைச் சுருக்கித் தேடினாள். பிறகுதான் கீழே, கோட்டைச் சுவரின் நிழலில், துளசிங்கத்துக்குப் பக்கத்தில் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். ஏழு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வரிசை இறங்கவில்லை. இறங்காத வரிசையில் யாருடைய இடமும் போகாது.

பித்தளையின் இரண்டு முனைகளும் குளிர்ச்சியாக மார்பில் வந்து பதிந்தன. அவள் கையை இறக்கவில்லை. கீழே காவல்காரன் ஒருவன் தடியை ஆட்டி அவர்களை எழுந்து போகச் சொல்லிக்கொண்டிருந்தான். முத்தம்மாள் அவனை ஏறிட்டும் பார்க்காமல், உலர்ந்த சேலையோடு காலை நீட்டி உட்கார்ந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.