முதல் கரி

அண்ணன் வேலையை விட்டது ஒரு சின்ன விசிறியை நம்பி.

தங்கை வேலை பார்க்கும் ஆய்வகத்தில் எரிபொருள் கலம் ஒன்று இருந்தது. மரக்கழிவைச் சுட்டெடுத்த கரியைத் தூளாக்கி, உள்ளே வைத்துச் சூடேற்றினால் தீ எரியாமலே மின்சாரம் வரும். அண்ணன் மர அறுவை ஆலையில் இருந்ததால் துண்டுகளுக்குப் பஞ்சமில்லை. வீட்டின் பின்புறம் அவன் கட்டிய சூளையில் அண்ணிதான் கரி சுட்டாள். முதல் கரிக்கே கலத்தோடு இணைத்த விசிறி சுழன்று தள்ளியது. கூட நின்று பார்த்த அண்ணன் மறுவாரமே ஆலைக்கு முழுக்குப் போட்டான்.

அதற்குப் பிறகு வந்த எந்தக் கரிக்கும் விசிறி அசையவில்லை. தங்கை கம்பியை மாற்றினாள், மூடியை மாற்றினாள். கடைசியில் கலத்தைப் பிரித்தபோது, வாயு வெளியேறும் குழாயில் பழைய தார் படிந்திருந்தது. நன்றாகச் சுட்ட கரியில் தார் வராது. அண்ணியிடம் கேட்டாள்.

அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாத. முதல் தடவை நீ அவசரப்படுத்தினியேன்னு சூளையைப் பாதியிலயே திறந்துட்டேன். மேல கருப்பு, உடைச்சா உள்ள பழுப்பு. தூளாக்கினா தெரியவா போகுதுன்னு நினைச்சேன்."

தங்கைக்கு அப்போதுதான் புரிந்தது. அன்று விசிறியைச் சுழற்றியது கரி இல்லை, வேகாத மரத்திலிருந்து கிளம்பிய வாயு. அது தீர்ந்ததும் விசிறி தானே நின்றிருக்கும். அதுவரை யார் காத்திருந்தார்கள்? கைதட்டியதும் அவளே கலத்தை அணைத்துவிட, எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

பின்புறம் அண்ணன் இரண்டாவது சூளைக்குச் செங்கல் வைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன வாயில்லாப்பூச்சி, ஏதோ சொல்ல வந்த மாதிரி இருக்கு?"

அண்ணியை இதில் இழுக்காமல் சொன்னாள். முதல் கரி சரியாக வேகவில்லை, கலத்தில் போடுமுன் தான்தான் சோதித்திருக்க வேண்டும் என்றாள்.

சாந்து பூசிக்கொண்டிருந்த கரணை நின்றது. "அப்போ எல்லாத்தையும் அப்படியே அரைவேக்காடா சுட்டுக் குடுத்தா?"

"கொஞ்ச நேரம் ஓடும்ணே. அப்புறம் தார் அடைச்சிடும்."

"நல்லா சுட்டது?"

"மின்சாரம் வருது. விசிறி சுத்துற அளவுக்கு இல்ல. என்னைக்காவது சுத்துமான்னு எனக்குத் தெரியல."

அவன் குந்தி உட்கார்ந்து, கலவை இறுகுமுன் மேல் வரிசைச் செங்கற்களைப் பெயர்த்து, ஒட்டிய சாந்தை வழிக்கத் தொடங்கினான். அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சூளையைச் சீக்கிரம் திறந்தது நான்."

அவன் அவளைப் பார்க்கவில்லை. வழித்த செங்கல்லை அவள் பக்கம் நீட்டினான். அவள் வாங்கி அடுக்கினாள்.