கசந்த வள்ளி

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக் கூட வைக்காமல் பின்பக்கம் போய்விடுவாள். அங்கே மதில் சுவரை ஒட்டி, ஒரு கட்டில் போடும் அளவுக்கு மண். அதில் கடையில் கிடைக்காத கிழங்குகளாகப் பார்த்து வளர்த்தாள். வெட்டினால் உள்ளே கத்தரிப்பூ நிறம் காட்டும் வள்ளி, விரல் தடிமனில் வெள்ளை வெளேரென்ற கூவை, முள்வேரோடு வரும் சிறுவள்ளி. தெருவில் அவளுக்குக் கிழங்கக்கா என்றே பெயராகிவிட்டது.

விதைக்கிழங்கு பார்சலில் வரும். போனில் ஒரு குழு இருந்தது. முகம் பார்த்திராத நாற்பது பேர், ஆளுக்கொரு ஊர். ஒருவரிடம் இருப்பதை இன்னொருவருக்கு அனுப்புவார்கள். தன்னிடம் பெருகியதை அவள் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுப்பாள்.

கல்யாணப் பேச்சு தட்டித் தட்டிப் போய் ஒருநாள் நின்றேவிட்டது. அவளுக்கு உறவென்று இருந்தது தம்பியும் தம்பி மனைவியும்தான். தம்பிக்கு வெல்டிங் பட்டறை. வந்தால் பின்பக்கத்தை எட்டிப் பார்த்து, "அக்கா, உன் வீட்ல செருப்பைக் கழட்டி விட பயமா இருக்கு. அதையும் நட்டு வெச்சிடுவே" என்பான். ஆனால் கொடுத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவான்.

போன வருடம் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. இரண்டு மாதம் படுத்துக் கிடந்து எழுந்தபோது சட்டை அவன் மேல் தொங்கியது. அவனைத் தேற்றிவிட வேண்டும் என்று இவளுக்கு ஒரே வெறி. மண்ணுக்குள் இல்லாமல், கொடியிலேயே இலைக்காம்படியில் உருண்டையாகத் தொங்கும் காய்வள்ளி அந்த வருடம் முதல் முறையாகக் காய்த்திருந்தது. இரண்டு பேரிடமிருந்து வந்த விதைகளை ஒரே பந்தலில் ஏற்றியிருந்தாள். ஒருவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அவர் பார்சலுக்குள் ஒரு சீட்டு வைத்திருந்தார்: "இதில் காட்டு ரகம் கலந்திருக்கலாம். கசந்தால் சாப்பிட வேண்டாம்." அவள் படித்தாள். காய்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். காய்த்தபோது எல்லாம் ஒன்று போலவே இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் சீட்டை மறந்துபோனாள்.

ஒரு பை நிறையப் பறித்துத் தம்பிக்குக் கொடுத்தாள். தெருவில் ஐந்து வீட்டுக்கும் கொடுத்தாள்.

பத்தாம் நாள் தம்பி மனைவி கடைக்குப் போன் செய்தாள். "அண்ணி, அவருக்குக் கண்ணு மறுபடியும் மஞ்சளா இருக்கு. வாந்தி நிக்கவே இல்ல."

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன சாப்பிட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோது, தம்பி மனைவி மற்றவற்றோடு சேர்த்துக் கிழங்கையும் சொன்னாள். நாலு நாள் சாப்பிட்டாராம். சீட்டு அப்போதுதான் இவளுக்கு நினைவு வந்தது. வீட்டுக்கு ஓடி, தன் பங்கில் மீதியிருந்த ஐந்து கிழங்கையும் தனித்தனியாக வேகவைத்து நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். நான்கு நன்றாக இருந்தன. ஐந்தாவது, எத்தனை முறை வாய் கொப்பளித்தும் போகாத கசப்பு.

டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

"அது காரணமா இருக்கலாம். பழைய காமாலையே திரும்பியிருக்கலாம். இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா."

அன்று மாலை ஐந்து வீட்டுப் படியும் ஏறினாள். நான்கு வீட்டில் முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். தையற்காரம்மா மட்டும் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு தடவை செஞ்சு சாப்பிட்டாச்சு. கல்லு மாதிரிதானே இருக்கோம்? நல்லா இருக்கறதை எதுக்குக் கேக்கறே?"

"எது நல்லது எது கெட்டதுன்னு எனக்கே தெரியலைங்க. குடுத்துடுங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

தையற்காரம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கூடையோடு கொண்டுவந்து கொடுத்தாள்.

கிழங்கு கொடுத்த பத்தொன்பதாம் நாள் தம்பி இறந்துபோனான். கடைசி நாட்களில் அவனுக்கு நினைவு சரியாக இல்லை. ஒருமுறை மட்டும் இவள் கையைப் பிடித்து, "கடைக்குப் போகலையா?" என்று கேட்டான். அவ்வளவுதான்.

தம்பி மனைவி ஒரு சொல்கூடக் குறை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. திட்டியிருந்தால் அழுதிருக்கலாம். அவள் வருவதை நிறுத்திக்கொண்டாள். போன் செய்தால் "இருக்கேன் அண்ணி" என்பதோடு வைத்துவிடுவாள். இவள் குழுவில் நடந்ததை எழுதி, யாரும் அந்த விதையைச் சாப்பிடவோ பகிரவோ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு விலகினாள். லென்ஸ் பொருத்தும்போதும் ஒரே கேள்வி அரித்தது. அப்படிக் கசந்ததை அவன் ஏன் துப்பவில்லை? காமாலையில் நாக்கு செத்திருந்ததா?

மழைக்காலம் வந்ததும், கொடியைப் பிடுங்கி எறிந்த பாத்தியில் மண்ணுக்குள் தங்கிவிட்ட அடிக்கிழங்கும் உதிர்ந்த காய்களும் மறுபடி முளைவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரையோடு உட்கார்ந்து தோண்டிக்கொண்டிருந்தபோது, வாசல் கதவைத் திறந்துகொண்டு தம்பி மனைவி வந்தாள். மெலிந்திருந்தாள். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லாம என்னால தூங்க முடியல."

"சொல்லும்மா."

"ரெண்டாவது நாளே அவர் கசக்குதுன்னு சொன்னார். தட்டைத் தள்ளி வெச்சார். நான்தான்..." மண்ணாங்கட்டி ஒன்றை எடுத்து விரலால் நொறுக்கினாள். "அக்கா ஆசையா குடுத்தது, நாக்கைப் பாக்காம சாப்பிடுங்க, உடம்பு தேறணும்னு நான்தான் திட்டினேன். அப்புறம் ரெண்டு நாளும் வாயே திறக்காம சாப்பிட்டார். எனக்குக் கசப்பு சேராதுன்னு நான் தொடவே இல்ல."

கடப்பாரை கையிலேயே இருந்தது. கசந்தால் சாப்பிட வேண்டாம் என்று எழுதி வந்த சீட்டைப் பற்றி இவள் அவளிடம் இதுவரை சொல்லியிருக்கவில்லை. இப்போது சொன்னாள். முழுவதையும் சொன்னாள். கேட்டு முடித்து அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தாள். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இவளுக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

பிறகு தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெட்டுப்பட்ட கிழங்குகளைப் பொறுக்கிக் கோணியில் போட ஆரம்பித்தாள். இவள் மீதி மண்ணையும் கிளறினாள். சுண்டுவிரல் அளவு துண்டு கிடைத்தால்கூட ஒருவருக்கொருவர் காட்டி, கோணியில் போட்டுக்கொண்டார்கள்.