மூன்று நிமிட விதி

ஒட்கைரின் மீன் லாரி இஃப்யோர்ட் மலைச்சாலையில் கவிழ்ந்ததற்குப் பனிப்புயல் காரணம். உதவி பிந்தியதற்கு நான் காரணம். இதை அவர் மனைவி குன்வோரிடம் சொல்லத்தான் போனேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதே, புயல் என்று சொல்லிவிட்டு வா என்றார், லாரிகளுக்கு அவசர அழைப்புக் கருவி செய்யும் எங்கள் கம்பெனியின் மேலாளர். புயலுக்கென்ன, எந்தப் பழியைப் போட்டாலும் மறுத்துப் பேசாது.

குன்வோர் காப்பி ஊற்றினார், வாஃபிள் வைத்தார். சாவு வீட்டிலும் வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பாத ஊர் எங்களுடையது. நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

சொல்லிவிட்டேன். லாரியில் இருக்கும் கருவி தரைக் கோபுரத்தோடு பேசும். கோபுரம் எட்டாத இடத்தில் செயற்கைக்கோளுக்கு மாறிக்கொள்ளும். மலை வளைவுகளில் அது ஓயாமல் இங்கும் அங்கும் தாவியது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அதை அடக்க நான் ஒரு விதி எழுதினேன்: கோபுரத்தின் சிக்னல் கேட்டுக்கொண்டிருக்கும்வரை செயற்கைக்கோளுக்கு மாறாதே, கேட்காமல் போனாலும் மூன்று நிமிடம் பொறு. சோதனை ஓட்டத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். அவசர அழைப்புக்கு மட்டும் விலக்கு வைக்க இந்த மேதைக்குத் தோன்றவில்லை.

அன்று கடல் இடுக்கின் அக்கரையிலிருந்த கோபுரத்தின் சிக்னல் லாரிக்கு விட்டுவிட்டுக் கேட்டது. லாரியின் குரல்தான் கோபுரத்தை எட்டவில்லை. கேட்கும்போதெல்லாம் மூன்று நிமிடம் முதலிலிருந்து தொடங்கியது. தலைக்கு மேலே செயற்கைக்கோள் இருந்தும் அவசர அழைப்பு வெளியே போகாமல் நாற்பது நிமிடம் வீணாய்ப் போனது.

குன்வோர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"உதவி உடனே போயிருந்தா பொழைச்சிருப்பாரா?"

"பொழைச்சிருப்பார்னுதான் டாக்டர் சொல்றார்."

"அந்த அவசர பட்டனை அமுக்கினாரா?"

கருவியின் பதிவில் இருந்ததை மறைக்க மனம் வரவில்லை. "பதினாலு தடவை."

குன்வோர் கோப்பையைக் கீழே வைத்தார். "முப்பது வருஷத்துல என்னைத் தொடர்ந்து ஒரு தடவைக்கு மேல போன்ல கூப்பிட்டதில்லம்மா. நான் போன் எடுக்கலேன்னா, வேலையா இருப்பா, எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுடுவார்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பதினாலு தடவை கூப்பிட்டிருக்காரு," என்றார். என்னிடம் சொன்னதல்ல அது.

அதன்பிறகுதான் அழுதார். அந்த வீட்டில் அழ எனக்கு உரிமை கிடையாது. எழுந்து போகவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.