கேமராவுக்கு வைத்த பொட்டு

“படம் வருதாண்ணே?”

“வரல.”

“இப்ப?”

“இப்பவும் வரலம்மா. கருப்பாத்தான் கீது.”

கேன்டீன் ஹால் ஜன்னலில் நின்று ஜாஸ்மின் கேட்டாள். எதிரே ஆபீஸ் மாடி ஜன்னலிலிருந்து தலையை நீட்டி எலக்ட்ரீஷியன் எல்லப்பன் பதில் சொன்னார். இரண்டு ஜன்னலுக்கும் நடுவே கம்பெனியின் சைக்கிள் ஷெட். அதன் கூரை மேல் போட்ட கேபிள் வழியாகத்தான் கீழே கேமரா பிடிக்கிற படம் மாடியில் இருக்கும் டிவிக்குப் போக வேண்டும்; மாடிக் கேமராவின் படம் இன்னொரு கேபிளில் கீழே டிவிக்கு வரும். காலையில் போயிற்று. ஆயுத பூஜை முடிந்து, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு பாதிப் பேர் வீட்டுக்குப் போன பிறகு பார்த்தால் போகவில்லை.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில், மானிட்டர் செய்கிற கம்பெனி அது. தொண்ணூற்றொன்றாம் வருஷம் அந்த ரோட்டில் கம்பெனியை விட வயல்தான் அதிகம். எம்.டி. வெளிநாட்டில் ஓர் அறையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். ஒரு ஊரில் இருப்பவர்கள் டிவி முன்னால் உட்கார்ந்து, இன்னொரு ஊரில் இருப்பவர்களோடு முகம் பார்த்து மீட்டிங் நடத்துகிற அறை. ஊருக்கு ஊர் நம்மால் முடியாது, மாடிக்கும் கேன்டீனுக்கும் நடுவிலாவது செய்து காட்டுவோம் என்று அவருக்கு ஆசை. மானிட்டர் வாங்குவதாகச் சொல்லியிருந்த சிங்கப்பூர்க்காரர்கள் மறுநாள், விஜயதசமி காலையில் வருகிறார்கள்.

வேலை ஜாஸ்மின் தலையில் விழுந்தது. படப்பைப் பெண், டிப்ளமோ படித்துவிட்டு டெஸ்ட் செக்‌ஷனில் சேர்ந்தவள். அந்த மாதத்தோடு அவள் ப்ரொபேஷன் முடிகிறது. மேனேஜர் ராஜசேகர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

“நல்லா வந்துதுன்னா உன்னை பர்மனென்ட் பண்றதப் பத்தி நானே எம்.டி.கிட்ட பேசறேன். வரலன்னு வச்சுக்கோ, பம்பாய்லேர்ந்து ஆள் வருவான். உனக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

அவளும் ஒழுங்காகத்தான் செய்துகொண்டு வந்தாள். முதலில் மேசையை ஜன்னல் ஓரம் போட்டுவிட்டாள். பின்னாலிருந்து வெளிச்சம் அடித்து, உட்கார்ந்தவர்கள் முகமெல்லாம் கரிக்கட்டையாகத் தெரிந்தது. “எங்கள இன்னாத்துக்கு மே இவ்ளோ கருப்பாக் காட்டற? நாங்க மாநிறம்” என்று காயில் சுற்றுகிற வைண்டிங் செக்‌ஷன் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். மேசையைத் திருப்பிப் போட்டாள். கேமராவை எங்கோ மூலையில் வைத்தால் பேசுகிறவர் யாரையோ பார்த்துப் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று டிவிக்குப் பக்கத்திலேயே ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். இரண்டு பக்கமும் மைக்கைத் திறந்து வைத்த அன்றைக்குக் கிளம்பிய ஊளையில் சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். ஸ்பீக்கரில் வருகிற சத்தத்தையே மைக் திரும்ப எடுத்து அனுப்பினால் அப்படித்தான் ஊளையிடும். ஆளுக்கொரு சுவிட்ச் வைத்தாள். அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். அதுவும் சரியாயிற்று.

இப்போது கேமரா அடியில் குனிந்து பார்த்தவள் நிமிர்ந்தாள்.

“கேமராவ யாரு எடுத்தது?”

“நாந்தான்” என்றாள் அம்சவல்லி. வைண்டிங் செக்‌ஷனில் எல்லோருக்கும் மூத்தவள். வருஷா வருஷம் பூஜைக்கு மெஷின் மெஷினாகப் போய்ப் பொட்டு வைப்பது அவள்தான். மூலையில் உட்கார்ந்து மிச்சப் பொரியைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். “புதுசா வந்த சாமான, சாமி முன்னால வைக்க வாணாமா?”

“ஒயரக் கழட்டாமயா எடுத்தீங்க?”

“ஒயரும் கூடவே வரும்னு நெனச்சேன். வந்துது. இன்னா, கொஞ்சம் இழுக்க வேண்டியதாப் போச்சு.”

ஜாஸ்மின் கேபிள் முனையைத் தூக்கிக் காட்டினாள். ப்ளக்கின் நடு ஊசி அறுந்து தொங்கியது. பற்றவைத்தால் ஐந்து நிமிட வேலை. பற்றவைக்கிற இரும்பு ஹாலின் அந்தக் கோடியில், சரஸ்வதி படத்துக்குக் கீழே, வாழை இலை மேல், சந்தனமும் குங்குமமுமாகப் படுத்திருந்தது. பக்கத்தில் ஸ்க்ரூடிரைவர், குறடு, மீட்டர், எல்லப்பனின் சுத்தியல். எல்லாவற்றுக்கும் செவ்வந்திச் சரம்.

மாடியிலிருந்து இறங்கி வந்த எல்லப்பன் அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தார்.

“அத மட்டும் கேக்காதம்மா. வச்சத நாளைக்கு மறுபூஜ போட்டுத்தான் எடுக்கணும்.”

“நாளைக்கு எப்பண்ணே?”

“ஐயரு வாலாஜாபாத்துலேர்ந்து வரணும். பத்தரை ஆவும்.”

“சிங்கப்பூர்க்காரங்க ஒம்பதுக்கே வந்துருவாங்கண்ணே.”

“அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?”

“கேமராவையும்தான சாமிக்கு வச்சாங்க. அத மட்டும் எடுத்து ஸ்டாண்டுல மாட்டிட்டீங்க?”

“அது தானா ஓடற சாமான். ஃபேன் ஓடுது, பஸ்ஸு ஓடுது, அந்த மாதிரி. கையில புடிச்சி வேல செய்றதுக்குத்தான் இன்னிக்கி லீவு.”

“உங்க டிவிஎஸ் ஃபிஃப்டிய மட்டும் மால போட்டு ஓட்டிக்கினு வந்தீங்களே” என்றாள் அம்சவல்லி.

“வண்டிக்கு எலுமிச்சம்பழம் வச்சி நசுக்கியாச்சு. ஓட்டலாம்.”

“ஸ்க்ரூடிரைவருக்கும் ஒரு எலுமிச்சம்பழம் நசுக்கறது.”

“நீ ஒருத்தி போதும், ஐயரே வாணாம்.”

அந்த நேரம் பார்த்து ராஜசேகர் உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். பூஜை மேசையைப் பார்த்தார்.

“இதென்ன பெரிய விஷயம். எடுத்து வேலைய முடி. கம்பெனி சாமான்தானே. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு.”

எல்லப்பன் தரையைப் பார்த்தார். எடுக்காதே என்று அவர் சொல்ல மாட்டார். மேனேஜர் முன்னால் அவரால் சொல்ல முடியாது. ஜாஸ்மினுக்கும் அது தெரிந்தது. கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான்.

“வேற வழி பாக்கறேன் சார்.”

“என்ன வேற வழி?”

“காலையில எப்படியும் படம் வந்துரும் சார்.”

“வரலன்னா என்னன்னு உனக்கே தெரியும். நான் திருப்பிச் சொல்ல வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் செருப்புச் சத்தம் ஓய்ந்ததும் அம்சவல்லி கேட்டாள். “எடுக்கறதுதான? அவரே சொல்லிட்டாரே.”

“எடுத்துட்டு? இந்த வருஷம் ப்ரெஸ் மெஷின்ல யாருக்காவது ஒரு விரல் நசுங்குச்சுன்னா யாரச் சொல்வீங்க? மேனேஜரையா சொல்வீங்க? அந்தப் படப்பைப் பொண்ணு, அந்த சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொண்ணு தொட்டா, அதான்னு சொல்வீங்க.”

“நான் சொல்ல மாட்டேன்.”

“அக்கா.”

“செரி, மொத ஆளா சொல்ல மாட்டேன்.”

ஜாஸ்மினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அண்ணே, வெளியில எங்கயாவது ஒரு சால்டரிங் அயர்ன் கெடைக்குமா?”

“இன்னிக்கா? ஸ்ரீபெரும்புதூர்ல எல்லா ரேடியோக் கடையிலயும் இரும்புக்குப் பொட்டு வச்சிருப்பான். ஒரகடத்துல கேட்டாலும் அதே கததான். இந்த ரோட்ல இன்னிக்கிப் பொட்டு வைக்காத இரும்பு எவன் வூட்ல கீது சொல்லு.”

சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எங்க வூட்ல” என்றாள் ஜாஸ்மின்.

அடுத்த பஸ்ஸில் படப்பைக்குப் போனாள். அவள் அப்பா வீட்டு வாசல் அறையிலேயே டேப்ரெக்கார்டர் ரிப்பேர் செய்கிறவர். ஒரு செட்டைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இன்னாம்மா, லீவு விட்டுட்டாங்களா?”

“அயர்னும் ஈயமும் குடுப்பா. ஒரு குறடும் வேணும்.”

“அவ்ளோ பெரிய கம்பெனியில இல்லாததா என்கிட்ட கீது?”

“அங்க எல்லாம் சாமிகிட்ட கீதுப்பா.”

அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு சூடாக இருந்த இரும்பை ஈரத் துணியில் ஒற்றி ஆற்றி, காய்ந்த துணியில் சுற்றிக் கொடுத்தார். “நீ அங்க வேலைக்குச் சேந்ததுலேர்ந்து அவங்க என்னக் கேட்டு ஒரு சாமான் வாங்கல. இன்னிக்காவது வாங்கினாங்களே.”

பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டாள். அம்சவல்லி வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தாள். இழுத்தவள் அவள்தானே.

எல்லப்பன் துணியைப் பிரித்து இரும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல பிரச்சன இல்ல. ஆனா கேபிளு?”

“கேபிளுக்கு இன்னா?” என்றாள் அம்சவல்லி.

“கேமராவோட சேந்து அதுவும் சாமிகிட்டப் போச்சில்ல. அத அறுத்துப் பத்த வைக்கலாமா?”

“அதுக்குப் பொட்டு வைக்கலியே. தரையில கெடந்துது, நான் பாக்கல.”

“கல்பூரம் காட்னியே.”

“கேமராவுக்குக் காட்னேன். பக்கத்துல நிக்கறவன் மேலயும் பொக பட்டுச்சு. அதுக்காக உங்கள நாளைக்கு வரைக்கும் சாமி முன்னாலயே குந்த வச்சாங்களா?”

எல்லப்பன் இரும்பின் வயரை எடுத்துத் தானே சுவர் ப்ளக்கில் மாட்டினார். “ஆயுதத்துக்குத்தான் ஓய்வு. ஆளுக்கு இல்ல. வைம்மா.”

ஈயம் உருகியது. ஜாஸ்மின் ஊசியைப் பற்றவைத்து, ஊதி ஆற வைத்து, கேமராவில் திருகினாள். எல்லப்பன் மாடிக்கு ஓடினார்.

“வருது! படம் வருது!”

“நல்லா வருதா?”

எல்லப்பன் தலை ஜன்னலிலிருந்து உள்ளே போயிற்று.

“அண்ணே?”

“வருது. அம்சவல்லி கைகால் எல்லாம் தெளிவா கீது. மூஞ்சிய மட்டும் காணோம். மூஞ்சி இருக்கற எடத்துல மேகம் மாதிரி இன்னாவோ கீது.”

ஜாஸ்மின் கேமராவின் முன்னால் போய்ப் பார்த்தாள். லென்ஸின் நட்ட நடுவில் சந்தனம். அதற்கு மேல் குங்குமம். நல்ல வட்டமாக, கை தேர்ந்தவள் வைத்த பொட்டு.

“அக்கா, இங்க எதுக்கு வச்சீங்க?”

“வேற எங்க வைக்கறது? அதுக்கு நெத்தி அதுதான?”

“அது நெத்தி இல்லக்கா, கண்ணு.”

“எனக்கு இன்னா தெரியும்? நடுவுல பளபளன்னு வட்டமா இருந்துது, வச்சேன்.”

“தொடைக்கணும்.”

அம்சவல்லியின் முகம் மாறியது. “பூஜையில வச்ச குங்குமத்த அன்னிக்கே அழிக்கறதா? நான் மாட்டேன்.”

“நான் தொடைக்கக் கூடாதுக்கா. நான் தொடச்சா அது வேற பேச்சாயிடும்.”

“தெரியுது.”

“அப்ப எல்லப்பண்ணன்?”

“வச்சவ இருக்கும்போது ஆம்பள வந்து அழிக்கறதா? நல்லா கீது நியாயம்.”

ஜாஸ்மின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “அக்கா, நாளைக்குப் படம் இப்படிப் போச்சுன்னா எனக்கு இங்க வேல இல்ல. மேனேஜர் சொல்லிட்டாரு. ப்ளக்குன்னா பத்த வச்சிட்டேன். இத நீங்கதான் செய்யணும்.”

அம்சவல்லி எழுந்து கேமராவைச் சுற்றி வந்தாள். மேலே தட்டினாள். “இது மண்டையா?”

“ஆமா.”

“இங்க வைக்கலாமா? ஒண்ணும் ஆவாதே?”

“தாராளமா வைக்கலாம்.”

பூஜை மேசையில் மிச்சமிருந்த விளக்குத் திரிப் பஞ்சை எடுத்து வந்தாள். ஈரத் துணி வேண்டாம், அழுத்த வேண்டாம், உள்ளேயிருந்து வெளியே வட்டமாக எடுங்கள் என்று ஜாஸ்மின் சொல்லச் சொல்ல, லென்ஸிலிருந்து குங்குமத்தையும் சந்தனத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பஞ்சில் எடுத்தாள். எடுத்ததையெல்லாம் கேமராவின் மண்டையில் அப்பினாள். “அழிக்கல” என்று சரஸ்வதி படத்தைப் பார்த்துச் சொன்னாள். “எடத்த மாத்தறேன், அவ்ளோதான்.”

“மூஞ்சி தெரியுது!” மாடியிலிருந்து எல்லப்பன் கத்தினார். “மூக்குத்தி கூடத் தெரியுது!”

மறுநாள் காலையில் சிங்கப்பூர்க்காரர்கள் இரண்டு பேர் மாடியில் எம்.டி.க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது கீழே கேன்டீன் டிவியில் தெரிந்தது. அம்சவல்லியும் வைண்டிங் பெண்களும் மேசையைச் சுற்றி, புதுப் புடவையில். எம்.டி. கேள்வி கேட்டார், இவர்கள் சுவிட்சை அழுத்திப் பதில் சொன்னார்கள். ஊளை இல்லை, மேகம் இல்லை. ஒருத்தி மட்டும் பேசி முடித்ததும் டிவியைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“இந்த செட்டப் பண்ணது யாரு?” என்றது எம்.டி.யின் குரல். “இவங்க கேக்கறாங்க. கேமரா முன்னால வரச் சொல்லுங்க.”

ஜாஸ்மின் கேமராவின் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். சுவிட்சை அழுத்தினாள்.

“நான்தான் சார். ஜாஸ்மின், டெஸ்ட் செக்‌ஷன். எல்லப்பன் சாரும் அம்சவல்லி அக்காவும் கூட இருந்தாங்க.”

சொன்னவள் கையை எடுக்கவில்லை. டிவியில் எம்.டி.க்குப் பின்னால் ராஜசேகர் நிற்பது தெரிந்தது. பிறகு அவர் பேசுவாரோ மாட்டாரோ. இப்போது எல்லோரும் இருக்கிறார்கள்.

“என் ப்ரொபேஷன் இந்த மாசத்தோட முடியுது சார். இது நல்லா வந்தா என்னை பர்மனென்ட் பண்றதப் பத்தி உங்ககிட்ட பேசறேன்னு மேனேஜர் சார் சொல்லியிருந்தாரு. நல்லா வருதுங்களா சார்?”

கையை எடுத்தாள்.

டிவியில் எம்.டி. திரும்பி ராஜசேகரிடம் என்னவோ சொன்னார். ராஜசேகர் குனிந்து என்னவோ சொன்னார். அவர்கள் சுவிட்சை அழுத்தவில்லை, சத்தம் கீழே வரவில்லை.

“இன்னா பேசிக்கறாங்க?”

“சிரிக்கறாரு பாரு.”

“அது சிங்கப்பூர்க்காரன் சிரிக்கறான்.”

“மேனேஜர் தல ஆட்றாரு.”

“ஆமான்னா, இல்லன்னா?”

“கொஞ்சம் வாயத்தான் மூடிக்கினு இருங்களேன்” என்றார் எல்லப்பன்.

ஸ்பீக்கர் கரகரத்தது. “நல்லா வருதும்மா. ராஜசேகர் இப்பத்தான் சொன்னார். இந்த மாசமே ஆர்டர் போடச் சொல்லிட்டேன். இதே மாதிரி ஒண்ணு மெட்ராஸ் ஆபீஸ்லயும் நீதான் வந்து பண்ணணும்.”

ஜாஸ்மின் சுவிட்சை அழுத்தி “தேங்க்யூ சார்” என்றாள். அதற்கு மேல் என்ன சொல்வது, எப்போது நகர்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.

“நகரு தாயே” என்று பின்னாலிருந்து அம்சவல்லி அவள் இடுப்பில் இடித்தாள். “எங்கள மறச்சிக்கினு நிக்கற. புதுப் பொடவ கட்டிக்கினு வந்துகிறோம்ல.”