சீர்த்தட்டில் இரண்டு டயர்

கண்ணாயிரத்துக்குத் தன் சகலை காசிலிங்கத்தின் மேல் பொறாமை. இதை மூடி மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. மரக்காணம் உப்பளத்துக் காக்காய்க்குக்கூடத் தெரிந்த விஷயம்தான். இரண்டு பேரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். அக்கா பூவிழியைக் காசிலிங்கம் கட்டினான், தங்கை வினோதினியைக் கண்ணாயிரம். மாமனார் மாயவனுக்கு ஆண் வாரிசு கிடையாது. அதனால் மருமகன்களில் யார் உசத்தி என்ற பேச்சு அந்த வீட்டில் ஓயவே ஓயாது. பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் காசிலிங்கத்தில்தான் போய் முடியும்.

இத்தனைக்கும் காசிலிங்கம் என்ன கலெக்டரா? இரும்பை கிராமத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் தோட்ட வேலை. கண்ணாயிரமோ சைக்கிள் கடை முதலாளி. கடை என்றால் உப்பளத்துக்குப் போகும் சாலையோரம் ஒரு கீற்றுக் கொட்டகை, ஒரு பம்ப், பஞ்சர் பார்க்கத் தண்ணீர் ஊற்றி வைத்த இரும்புச் சட்டி, அவ்வளவுதான். ஆனாலும் அந்தச் சுற்று வட்டாரத்தில் சக்கரத்தைப் பற்றிச் சந்தேகம் என்றால் அவனிடம்தான் வந்தாக வேண்டும். ரிம்மைச் சுண்டிப் பார்த்தே எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். அந்தப் பெயர் ஒன்றுதான் அவன் சம்பாதித்த சொத்து. மாமனார் வீட்டில் அதை யாரும் சட்டை செய்யவில்லை என்பதுதான் அவன் வயிற்றெரிச்சல்.

ஒவ்வொரு பண்டிகைக்கும் அங்கே போய் இலையில் உட்கார்ந்ததும் தன் தொழில் பெருமையை எடுத்துவிடுவான். ஒருமுறை புதுச்சேரியிலிருந்து வந்த வெளிநாட்டுக்காரன் ஒருவன், உப்பளத்தில் டயர் கிழிந்து கடைக்கு வந்த கதை. டயரில் இருபத்தொன்பது அங்குலம் என்று போட்டிருந்ததாம். நம் ஊர்ப் பெரிய வண்டியின் இருபத்தெட்டு டயரை மாட்டினால் இறுக்கமாக இருக்கும் என்றுதானே எவனும் நினைப்பான்? மாட்டினால், குழந்தை கையில் கிழவி வளையல் போட்டது மாதிரி லொடலொடவென்று சுற்றியதாம். போட்டிருக்கிற எண் ஒன்று, உள்சுற்று ஒன்றாம். இருபத்தாறோ ஏறவே இல்லை. அந்த அளவுக்கு இந்த நாட்டிலேயே டயர் கிடையாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டானாம். சொல்லி முடித்து நிமிர்ந்தால், மாமனார் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். பெண்கள் பாத்திரம் கழுவப் போய்விட்டார்கள். காசிலிங்கம் மட்டும் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தான், தலையைக்கூடத் தூக்கவில்லை.

இரண்டாயிரத்து ஐந்து சித்திரையில் காசிலிங்கம் ஆள் அனுப்பினான். வெள்ளைக்காரர் ஊருக்கே திரும்பிப் போகிறாராம். அவர் வீட்டுக் கொட்டகையில் இரண்டு சைக்கிள் இருக்கின்றன, மலையில் ஓட்டுகிற தடி டயர் வண்டிகள். ஒன்றை எடுத்துக்கொள், மற்றதைக் காவல்காரர் பச்சமுத்து எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறாராம். தனக்கு ஒன்றும் புரியவில்லை, சகலைதான் வந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்றான்.

பஸ்ஸைப் பிடித்துப் போய்ப் பார்த்தான் கண்ணாயிரம். பச்சை வண்டி இருபத்தாறு. நீல வண்டி இருபத்தொன்பது. பச்சை வண்டியை அவன் கண்ணால் தின்றான். உப்பளத்துக்குள் வேலைக்காரர்களின் சைக்கிள் கெட்டுப்போனால் இவன்தான் போய்ச் சரிசெய்ய வேண்டும். இவனுடைய பழைய வண்டியின் ஒல்லி டயர் வரப்புச் சேற்றில் அழுந்திவிடும். பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போவான். இந்தத் தடி டயர் ஒன்று இருந்தால் பாத்திக்குப் பாத்தி மிதந்துகொண்டு போகலாம். இருபத்தாறுக்கு டயர் வேண்டுமென்றால் புதுச்சேரியில் எந்தக் கடை ஆணியிலும் தொங்கும். இதெல்லாம் யாருக்கு? செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவனுக்கு. பெடலில் கால் வைக்கத் தெரியுமோ தெரியாதோ, அவனுக்கு.

நீல வண்டியின் பின்டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். பக்கவாட்டில் மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தது. மிஞ்சிப்போனால் நாலு மாதம். அதற்கப்புறம் அது சுவரில் மாட்டுகிற படம்தான்.

"எது சகலை நல்லது?" என்று கேட்டான் காசிலிங்கம்.

"பெருசுதான். சக்கரம் பெருசா இருந்தா பள்ளம் மேடு தெரியாது. கண்ண மூடிக்கினு நீலத்த எடுங்க."

சொன்ன பிறகு ஒரு நொடி உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் அதுவும் போய்விட்டது. ஊர் வந்து சேரும்வரை அவனுக்குச் சிரிப்பாகவே இருந்தது.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. அக்கா வீட்டு வண்டி கப்பல் மாதிரி இருக்கிறதாம், ஊரே வந்து பார்க்கிறதாம் என்று வினோதினி வந்து சொன்னாள். கண்ணாயிரம் டயர் வெடிக்கும் நாளுக்குக் காத்திருந்தான். ஆடி போயிற்று, புரட்டாசி போயிற்று, ஐப்பசி மழை வெளுத்துக் கட்டி உப்பளமே ஏரியாகக் கிடந்தது. டயர் வெடித்த சேதி வரவே இல்லை. காசிலிங்கம் வண்டியை ஓட்டுவதே இல்லையாம். போர்வை போர்த்தி வீட்டுக்குள் நிறுத்தி வைத்திருக்கிறானாம். ஓட்டாதவனுக்கு எதற்கடா வண்டி என்று கண்ணாயிரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பச்சமுத்து அந்தப் பச்சை வண்டியில் ஜம்மென்று வலம் வருகிறார் என்று கேள்விப்பட்ட அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

தை பிறந்ததும் கண்ணாயிரத்தின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் இல்லாத வீடு என்பதால், மடியில் உட்கார வைத்துக் காது குத்தத் தாத்தா, தாய்மாமன் எடுக்க வேண்டிய சீரை எடுக்கப் பெரியப்பா காசிலிங்கம் என்று பேசி வைத்திருந்தார்கள். கோயில் வாசலில் பந்தல். உப்பளத்து ஆட்கள் பாதிப்பேர் வந்திருந்தார்கள், எல்லாரும் அவன் கடை வாடிக்கை. மேளச் சத்தம் கேட்டு எல்லாரும் தெருமுனையைப் பார்த்தார்கள்.

சீர்வரிசைக்கு முன்னால் அந்த நீல வண்டி வந்தது. ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை, சீட்டில் சந்தனப் பொட்டு. காசிலிங்கம் அதைத் தள்ளிக்கொண்டு வந்தான். பின்னால் பெண்கள் தலையில் தட்டுகள். தேங்காய், பழம், பட்டுப்பாவாடை, கடைசியாகப் பூவிழி தூக்கி வந்த தட்டில் வெற்றிலை பாக்கு நடுவே மடித்துக் கட்டிய இரண்டு புது டயர், அதில் மஞ்சள் கயிறு வேறு. பந்தலே சிரித்தது.

காசிலிங்கம் வண்டியைக் கண்ணாயிரத்தின் முன்னால் நிறுத்தி ஸ்டாண்டு போட்டான்.

"ஒங்களுக்குத்தான் சகலை. வரப்புல வண்டியத் தள்ளிக்கினு போறீங்கன்னு வினோதினி சொல்லிச்சு. குடுத்தா வாங்க மாட்டீங்க. அதான் அன்னிக்கு ஒங்களயே பாத்து எடுக்கச் சொன்னேன்."

டயர் எதற்கு என்று மாமனார் கேட்டார். அதைக் காசிலிங்கமே எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். அன்றைக்குச் சகலை பஸ் ஏறிப் போன பிறகு வெள்ளைக்காரர் வந்து, இந்த அளவுக்கு இந்தியாவில் டயர் கிடைக்காது, சின்னதை எடுத்திருக்கலாமே என்றாராம். அதற்குள் பச்சமுத்து சின்னதை ஓட்டிக்கொண்டு போய்விட்டாராம். அதனால் ஊருக்குப் போய் ரெண்டு டயர் அனுப்புங்கள் என்று அவரிடமே கெஞ்சி வைத்தானாம். போன மாதம்தான் பார்சல் வந்ததாம்.

மாயவன் மருமகன் பக்கம் திரும்பினார். "ஏம்பா கண்ணாயிரம், டயர் கெடைக்காத வண்டியவா பாத்து எடுத்துக் குடுத்த? ஒனக்குத் தெரியாதா?"

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். உப்பளத்து ஜனம் மொத்தமும் அவன் வாயைப் பார்த்தது. தெரியும் என்றால், தெரிந்தே கெடுதல் செய்த துரோகி. தெரியாது என்றால், சக்கரம் தெரிந்த ஆள் என்று அவன் சம்பாதித்த ஒரே பெயர் இந்தப் பந்தலோடு போச்சு. கண்ணாயிரம் தரையைப் பார்த்தான். பிறகு கைவிரலைப் பார்த்தான், அந்த வெடிப்பை அழுத்திய அதே விரல்.

"தெரியாமப் போச்சு மாமா," என்றான்.

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. இனிமேல் பஞ்சருக்கும் திண்டிவனம்தான் போகணும் என்று எவனோ கத்தினான். வினோதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமனார் சிரித்துக்கொண்டே பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள, கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்தது.

காசிலிங்கம் மட்டும் நகரவில்லை. வண்டியிலிருந்து மாலையைக் கழற்றுகிற சாக்கில் குனிந்தான். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

"அந்தக் கெழவி வளையல் கதைய மாமா வீட்டுல நீங்கதான சகலை சொன்னீங்க. எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு," என்றான் மெதுவாக. "பரவால்ல. வாங்க, கொழந்த அழுவுது."

எழுந்து போய்விட்டான். கண்ணாயிரம் அப்படியே நின்றான். அன்றைக்கு அந்த வீட்டில் அத்தனை பேரில் அவன் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டது ஒரே ஒரு ஆள், பலாச்சுளை எடுத்துக்கொண்டிருந்தவன். அவமானம் காது நுனிவரை சுட்டது. அந்தச் சூட்டிலும், நாலு பேர் முன்னால் தன்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்ட அந்தப் பெருந்தன்மை இவனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது என்று வயிறு எரியத்தான் செய்தது.

பந்தலுக்குள் மகள் வீறிட்டாள். கண்ணாயிரம் சீர்த்தட்டிலிருந்த டயர்கள் கீழே விழாமல் இருக்க வெற்றிலையைச் சரிசெய்து வைத்துவிட்டு, சகலைக்குப் பின்னால் நடந்தான்.